தேனி உயரமும் போடி உயரமும்

தேனி தனி மாவட்டமான வருஷத்திலிருந்து தேனிக்காரர்கள் வளர ஆரம்பித்தார்கள், போடிக்காரர்கள் குட்டையாக ஆரம்பித்தார்கள். இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் டாக்டர்கள் அல்ல, தையல்காரர்கள். தேனியில் தீபாவளிக்குத் தைத்த பேண்ட் பொங்கலுக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது, போடியில் அதே பேண்ட் தரையைக் கூட்டியது. ஊர் வளர்ந்தால் அங்கே படுத்துத் தூங்குகிறவரும் வளர்வார், ஊர் தேய்ந்தால் அவரும் தேய்வார், அவ்வளவுதான் விஷயம். ஓடைப்பட்டிக்காரர்கள் திராட்சைக்கு நல்ல விலை கிடைத்த மாதம் ஓர் அங்குலம் ஏறி, மழையில் பழம் வெடித்த மாதம் பழையபடி இறங்கினார்கள். கம்பத்துக்காரர்கள் நிதானமாக, கடன் வாங்காமல் வளர்ந்தார்கள். பெரியகுளத்துக்காரர்களுக்கு என்ன ஆனதென்று தெரியாது. இதைப் பற்றிப் பேசுவதே கௌரவக் குறைவு என்று அவர்கள் இருந்துவிட்டார்கள்.

போடிக்கு இது வர வேண்டிய கதியா? ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக்கே போடிதான் ஊர். தேனி வெறும் சந்தை, சந்தை கலைந்தால் காற்றும் புழுதியும்தான் மிச்சம். கேரளத்து மலையிலிருந்து ஜீப் ஜீப்பாக ஏலக்காய் இறங்கும். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வருகிறவன்கூட வாசனையை வைத்து, போடி வந்துவிட்டது என்று எழுந்து நிற்பான். மதுரைக்குப் போகும் ரயில் ஆடி அசைந்து போகும், யாருக்கும் அவசரம் கிடையாது, ஏனென்றால் போக வேண்டிய பெரிய ஊரில்தான் எல்லாரும் ஏற்கெனவே இருந்தார்கள். எஸ்டேட்காரர்கள் மலையாளமும் தமிழும் கலந்து பேரம் பேசி, பேரம் முடிந்ததும் ஒரே வாளியில் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

விஜய்ராஜ் போடி பஜாரில் அப்பாவின் ஏலக்காய்க் கடையைப் பார்த்துவந்தவன். அவனுக்கும் ஜெபஷீலாவுக்கும் தேனி மாவட்டமாவதற்கு முந்தின வருஷம் போடி சர்ச்சில் கல்யாணம். இருவரும் மயிரிழை வித்தியாசமில்லாத ஒரே உயரம். மாப்பிள்ளை கொஞ்சமாவது தூக்கலாக இருக்க வேண்டும் என்பது போட்டோ எடுத்த செல்லப்பாண்டியின் கொள்கை. அதற்காகவே ஸ்டூடியோவில் ஒரு பழைய ஏலக்காய்ப் பெட்டி வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டார். விஜய்ராஜ் அதைக் காலாலேயே ஓரமாகத் தள்ளினான்.

“வேண்டாம்ண்ணே. சரிக்குச் சமமாவே நிக்குறோம்.”

அந்தப் போட்டோவில் ஜெபஷீலா வாயை மூட முடியாமல் சிரித்துக்கொண்டிருப்பாள்.

மாவட்டம் வந்ததும் தேனியில் ஒவ்வொன்றாக அரசு அலுவலகங்கள் திறந்தார்கள். ஒன்றில் ஜெபஷீலாவுக்கு வேலை கிடைத்தது. முதலில் பஸ்ஸில் போய் வந்தாள். மகள் ஜெஸ்லினுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும், நல்ல பள்ளிக்கூடமும் தேனியில்தான் என்று ஆனது. அங்கேயே வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தாயும் மகளும் போடிக்கு வருவார்கள், ஞாயிறு ஆராதனை முடிந்து கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்கள். ஜெஸ்லின் வெள்ளிக்கிழமை உயரமாகவும் திங்கட்கிழமை கொஞ்சம் குட்டையாகவும் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, யூனிஃபார்மை மட்டும் மடித்துத் தைக்கச் சொன்னார்கள். ஆனால் ஜெபஷீலா நிற்காமல் வளர்ந்தாள், விஜய்ராஜ் நிற்காமல் குறைந்தான். முதலில் அவள் தோளுக்கு வந்தான், பிறகு முழங்கைக்கு. சர்ச்சில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடியவர்கள், ஆளுக்கொரு புத்தகம் பிடிக்க வேண்டியதாயிற்று.

“இங்கன வந்துருங்க,” என்று அவள் தேனி வீட்டு வாசலில் நின்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். “பதினஞ்சு கிலோமீட்டருதான? காலைல போயி கடையத் திறங்க, ராத்திரி இங்கன வந்து படுங்க. ஒரே வருசத்துல பழையபடி ஆயிருவீக.”

“நானும் வந்துட்டா பஜார்ல மிச்சம் இருக்குறவுக என்னாவாக? ஒரு ஆளு போனா மத்தவுக ஒரு நூலு குறையுறாக ஷீலா. ஈஸ்வரபாண்டி அண்ணனுக்கு இப்பவே கல்லாவுக்கு மேல தலை தெரிய மாட்டேங்குது.”

“அப்ப நான் வளந்தது தப்பா?”

அவள் மீது தப்பில்லை, அவன் மீதும் தப்பில்லை. அப்படிப்பட்ட சண்டைதான் ஆற மாட்டேன் என்கிறது. சனிக்கிழமைகள் மாதத்துக்கு இரண்டாக, பிறகு ஒன்றாகக் குறைந்தன. ஊரில் சிலர், இந்தக் குடும்பம் இனி ஒட்டாது என்று வாய் கூசாமல் சொன்னார்கள்.

மதுரை ரயிலையும் நிறுத்தித் தண்டவாளத்தைப் பிடுங்கிய சமயத்தில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவராக இருந்த ஈஸ்வரபாண்டிக்கு ஒரு யோசனை தோன்றியது. போடியில் பிறந்து வெளியூரில் பிழைக்கிற அத்தனை பேரும் கணக்கெடுக்கிற அந்த ஒரே ஒரு ராத்திரி போடியில் வந்து படுக்க வேண்டும், சாப்பாடு சங்கத்துச் செலவு. திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேன் வேனாக வந்தார்கள். வீடுகளில் இடமில்லாமல் ஏலக்காய்க் குடோனில் சாக்கை விரித்துப் படுத்தார்கள். விடிந்தபோது போடி மொத்தமும் ஒரு முழம் வளர்ந்திருந்தது. ஆட்கள் தெருவுக்கு வந்து ஒருவரை ஒருவர் பார்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அங்கேதான் தப்பு செய்தார்கள். எங்கள் ஊர் வியாபாரிக்குக் கைக்கு வந்த லாபத்தை அன்றைக்கே சட்டையாக்கிப் போட்டால்தான் தூக்கம் வரும். காலை எட்டு மணிக்கே தையல்கடைகளில் வரிசை கட்டி, புது உயரத்துக்கு அளவு கொடுத்து, முன்பணமும் கட்டிவிட்டார்கள்.

அன்று காலையில் ஜெபஷீலா அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் ஊரோடு ஊராக அவளும் வந்திருந்தாள். திரும்பினால், விஜய்ராஜின் முகம் ஏறக்குறைய அவள் முகத்துக்கு நேராக இருந்தது. காதோரம் அவனுக்கு நரைத்திருந்ததை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தாள். காபி ஆறிப்போனது, அதைக் குடிக்கவுமில்லை. மத்தியானம் வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒவ்வொரு வேனுக்கும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை அவள் பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே அவளும் பஸ் ஏறினாள், மறுநாள் ஆபீஸ். தைத்து வந்த நீளச் சட்டைகளைப் போடிக்காரர்கள் தேனியிலிருந்த சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். தேனிக்காரர்கள் அதைப் போட்டுக்கொண்டு, பரவாயில்லை, போடித் தையல் தையல்தான் என்றார்கள். அந்தப் பாராட்டு செருப்பால் அடித்ததைப்போல் இருந்தது.

வருஷங்கள் ஓடின. ஜெஸ்லின் படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனாள். வேலை விடவில்லை என்று இரண்டு வருஷம் ஊர்ப்பக்கம் வரவேயில்லை, போனில்தான் பேச்சு. போடிக்கு மறுபடி ரயில் விட்டபோது, முதல் ரயிலிலேயே வருகிறேன் என்றாள். ஸ்டேஷனில் வெடியும் மேளமும் மாலையும் கூட்டமும் தாங்கவில்லை. ஜெபஷீலா தேனியிலிருந்து வந்து விஜய்ராஜின் பக்கத்தில் நின்றாள். அவன் இப்போது அவள் இடுப்புக்கு வந்தான். கூட்டம் இடித்துத் தள்ளிவிடக் கூடாதே என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அதை உதறவில்லை.

ரயில் நின்றது. ஜெஸ்லின் கதவு வழியாகக் குனிந்து, இன்னும் குனிந்து, ஒருவழியாக வெளியே வந்து நிமிர்ந்தாள். சென்னை எவ்வளவு பெரிய ஊர் என்பது அப்போதுதான் தெரிந்தது. மாலையோடு நின்றிருந்தவர்கள் மாலையைக் கீழே இறக்கினார்கள். தேனியிலேயே உயரமான பெண்களில் ஒருத்தி என்று பேர் வாங்கிய ஜெபஷீலா, வாழ்க்கையில் முதல்தடவையாகக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள்.

“வந்துட்டியா ஆத்தா,” என்றான் விஜய்ராஜ் கீழேயிருந்து.

ஜெபஷீலாவுக்கோ இத்தனை வருஷத்து ஆதங்கம் பொங்கிவிட்டது. நியாயம் கேட்க மகளைவிட்டால் யார் இருக்கிறார்கள்? “ஏட்டி, உங்கப்பாவப் பாத்தியா, எம்புட்டுக் குறைஞ்சுட்டாகன்னு? நான் சொன்னா கேக்குறாகளா? நீயே சொல்லு.”

ஜெஸ்லின் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மேலேயிருந்து அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

“என்னம்மா சொல்ற? ரெண்டு பேரும் ஒரே உயரமாத்தான தெரியுறீக.”

மேளக்காரர்கள்கூட ஒரு நொடி நிறுத்தினதாகச் சொல்கிறார்கள், அது சும்மா கதையாகவும் இருக்கலாம். ஜெபஷீலா குனிந்து விஜய்ராஜைப் பார்த்தாள். பிறகு கல்யாணப் போட்டோவில் இருக்கிறதே, அதே சிரிப்பைச் சிரித்தாள்.

அந்த மாதமே போடிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். தேனியை விட்டுப் போடிக்கா என்று ஆபீஸில் எல்லாரும் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள், ஆனாலும் கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் புடவையை இரண்டு மடிப்பு கூடுதலாகக் கொசுவ வேண்டியிருந்தது. அடுத்த ஈஸ்டருக்குள் இருவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடினார்கள். ரயில் வந்த பிறகு போடிக்காரர்கள் குறைவது நின்றுவிட்டது என்று ஒரு பேச்சு இருக்கிறது, தையல்காரர்கள் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. விஜய்ராஜ் வீட்டு அடுப்படியின் மேல் அலமாரி இப்போது இருவருக்குமே எட்டுவதில்லை. அங்கே இருக்கிற சாமான்களை லீவுக்கு வரும்போது ஜெஸ்லின் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.