பட்டன் சும்மா கடித்த பதினொரு தடவை

சோப்புத் தொழிற்சாலையில் பேக்கிங் லைனுக்கு நான்தான் சூப்பர்வைசர். லைன் நின்றால் ரெஜிஸ்டரில் நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், பக்கத்தில் யார் இருந்தது, நிற்பதற்கு முன்னால் என்ன நடந்தது. நான்காவது கட்டத்தில் ‘தானாக நின்றது’ என்று எழுதுகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதுவும் தானாக நிற்காது. யாரோ பசையை நிரப்ப மறந்திருப்பார்கள், யாரோ அட்டையைத் தலைகீழாக அடுக்கியிருப்பார்கள். பதினாறு வருடமாக நான் திருப்பியனுப்பிய பக்கங்களை ஒட்டினால் தொழிற்சாலைச் சுவர் முழுவதும் ஒட்டலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் நாயைப் பார்த்த டாக்டரம்மாவும் அதே நான்கு கட்டங்களைத்தான் போட்டுக் கொடுத்தார். கடித்த நாள், இடம், யாரை, கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கியதுமே அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நாயின் பெயர் பட்டன். மூக்கு நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. மூன்று வருடம் எங்கள் வீட்டில் ஒரு வம்பு தும்பு இல்லாமல் வளர்ந்தவன். ஆறு மாதத்துக்கு முன்னால் திடீரென்று என் கணவரின் கையைக் கடித்தான். அடுத்த வாரம் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அவருடைய முழங்கையில் பல் ஆழமாக இறங்கியதும் பட்டனையும் அவரையும் கையோடு மிருக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதினார். தினம் ஒன்று, பயத்தையும் பதற்றத்தையும் குறைக்கும், முழுசாக வேலை செய்ய ஆறு வாரம் ஆகும் என்றார். மாத்திரை மட்டும் போதாது, அவன் மூளைக்கும் மூக்குக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்றார். பழைய துண்டில் சாப்பாட்டைச் சுருட்டி வைத்து அவனே பிரித்துத் தின்ன விட வேண்டும். நடக்கக் கூட்டிப்போனால் ஒவ்வொரு கம்பத்தையும் ஆற அமர மோந்து பார்க்க விட வேண்டும். முக்கியமாக, சாப்பிடும்போது தட்டில் யாரும் கை வைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதில் கெட்டிக்காரர் என்பதை நான் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் என் கணவரின் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிடங்குகளுக்குக் காவலாளிகளை அனுப்புகிற ஒரு கம்பெனியில் முப்பது வருடம் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஊரே அவரை கமாண்டர் என்று கூப்பிடும், நான் மட்டும் மாமா என்று கூப்பிடுவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்களுக்கு அடுத்த தெருவில் குடிவந்தார். நாய்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. எல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டது. தன் வாழ்நாளில் அவர் வளர்த்த ஒரே ஜீவன் கண்ணாடித் தொட்டியில் ஒரு மீன், அதுவும் மூன்றாவது வாரமே மிதந்துவிட்டது.

துண்டுக்குள் சாப்பாட்டைச் சுருட்டுவதைப் பார்த்துவிட்டு, நாயோடு கண்ணாமூச்சி விளையாடுகிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார். கூடவே என் கணவரும் சிரித்தார். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத தம்பி. அவர் கட்டட வரைபடம் வரைகிறவர், வேலை வீட்டு முன்னறையிலேயே. நான் ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் அவரும் பட்டனும்தான். அவ்வப்போது கமாண்டரும்.

மூன்றாவது வாரத்திலிருந்து மாத்திரை வேலை செய்யத் தொடங்கியது கண்கூடாகத் தெரிந்தது. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே துள்ளி எழுகிறவன், காதை மட்டும் திருப்பிவிட்டுப் படுத்துக்கொண்டான். ஆனாலும் கடி நிற்கவில்லை. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த டாக்டரம்மாவின் தாளில், முதல் மூன்று கடிகளுக்குக் கீழே, வரிசைகள் கூடிக்கொண்டே போயின. எல்லாம் என் கணவரின் கையெழுத்து. நான்காவது கட்டத்தில் வரிசையாக ஒரே சொல். சும்மா. சும்மா. சும்மா.

எனக்கு அது உறுத்தத்தான் செய்தது. கேட்டேன். நான் என்ன செஞ்சேன், சும்மா உட்கார்ந்திருந்தேன், வந்து கடிச்சுட்டான் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். கையில் பிளாஸ்டரோடு நிற்கிற மனிதரை எவ்வளவு குடைவது? விட்டுவிட்டேன். தொழிற்சாலையில் ஒரு ஆபரேட்டர் இப்படிச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா?

பதினோராவது கடி எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டன் சாப்பிட்டு முடித்துத் தட்டின் பக்கத்தில் நின்றிருந்தான். கழுவிப் போடலாம் என்று தட்டை எடுக்கக் குனிந்தேன். ஒரு சத்தம் இல்லை, ஒரு உறுமல் இல்லை. வலது உள்ளங்கையில் நான்கு தையல்.

அன்று மாலையே கமாண்டர் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார். தம்பியை மட்டும் கடித்தபோது ஏதோ ஒன்று என்று விட்டோம், இப்போது சாப்பாடு போடுகிற கையையே கடித்துவிட்டது, இனிமேல் யோசிக்க ஒன்றும் இல்லை என்றார். அவரே டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஊசி போட்டு முடித்துவிட நேரம் வாங்கினார். என் கணவர் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை. கை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. இத்தனை வாரம் மாத்திரை கொடுத்து, துண்டு சுருட்டி, கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்ததற்குப் பலன் இதுதானா என்று அழுகைதான் வந்தது. இரவு அந்தத் தாளில் என் வரிசையை இடது கையால் கிறுக்கி நிரப்பினேன்.

வியாழக்கிழமை பசை இயந்திரம் பழுதாகி லைன் முழுவதும் நின்றுபோனது. இரண்டு மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பின்கதவு வழியாக நுழைந்தேன். முன்னறையிலிருந்து கமாண்டரின் குரல் கேட்டது.

“கழுத்தை விடாதே. அது உடம்பைத் தளர்த்தற வரைக்கும் பிடி. ம், அப்படித்தான்.”

எட்டிப் பார்த்தேன். பட்டன் தரையில் மல்லாக்கக் கிடந்தான். என் கணவர் அவன் மேல் குனிந்து, ஒரு கை கழுத்திலும் ஒரு கை மார்பிலுமாக அழுத்திக்கொண்டிருந்தார். கமாண்டர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார். அவர் மடியில் பட்டனின் தட்டு, பாதி தின்ற சாப்பாட்டோடு. பட்டனின் கண்ணில் வெள்ளைதான் தெரிந்தது. வாலைக் கால்களுக்குள் இறுக்கிச் சுருட்டியிருந்தான்.

“மாத்திரை போட ஆரம்பிச்சதுக்கப்புறம் எவ்வளவு ஈசியா படுக்குது பாரு” என்றார் கமாண்டர். “முன்னயெல்லாம் என்னா திமிறு திமிறும்.”

அவன் பயத்தைக் குறைக்க நான் வெண்ணெயில் பொதிந்து பொதிந்து ஊட்டிய மாத்திரை, இவர்கள் அவனைத் தரையில் போட்டு அமுக்குவதற்கு வசதியாகப் போயிருக்கிறது.

“விடுங்க அவனை” என்றேன்.

கணவர் நிமிர்ந்தார். அவர் முகம் முழுக்கக் கண்ணீர். பட்டன் புரண்டு எழுந்து, யாரையும் கடிக்காமல், வரைபட மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டான்.

எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன். கமாண்டர்தான் கொஞ்சமும் கூச்சப்படாமல் பதில் சொன்னார், ஆறு மாதமாக என்று. வீட்டில் தலைவன் யார் என்று நாய்க்குத் தெரிய வேண்டுமாம். பாதிச் சாப்பாட்டில் தட்டைப் பிடுங்க வேண்டும், முறைத்தால் மல்லாக்கத் தள்ளி அமுக்க வேண்டும். இதெல்லாம் பெண்களுக்குப் புரியாது என்பதால் என்னிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னதும் அவர்தானாம்.

“சனிக்கிழமைக்குள்ள திருந்திட்டா ஊசி வேணாம்னு அண்ணன் சொன்னார்” என்றார் என் கணவர். “அதான் கடைசியா ஒரு தடவை முயற்சி பண்ணோம்.”

அந்த மனிதர் பட்டனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் அவன் கழுத்தை அழுத்தியிருக்கிறார். அதைக் கேட்டு எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கூடவே படுத்து எழுகிற நாயை நம்பாமல், என்னை நம்பாமல், மீனைக்கூட வளர்க்கத் தெரியாத ஆளை நம்பியிருக்கிறார்.

சனிக்கிழமை நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கமாண்டரும் துணைக்கு என்று கூடவே வந்தார். மேசை மேல் சம்மதப் படிவம் தயாராக இருந்தது, கீழே கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பட்டன் என் நாற்காலிக்கு அடியில் முகத்தை என் செருப்பின் மேல் வைத்துப் படுத்திருந்தான். நான் பிரிட்ஜிலிருந்து எடுத்து வந்த தாளைப் படிவத்தின் மேலேயே வைத்தேன். பேனாவை என் கணவர் கையில் கொடுத்தேன்.

“நாலாவது கட்டத்தை மறுபடி நிரப்புங்க. ஒண்ணொண்ணா.”

அவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு நாற்காலிக்கு அடியில் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். முதல் சும்மாவை அடித்துவிட்டு, ‘தட்டைப் பிடுங்கினேன்’. இரண்டாவதை அடித்துவிட்டு, ‘மல்லாக்கத் தள்ளினேன்’. மூன்றாவது, ‘உறுமினான், அதற்காக அடித்தேன்’. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஐந்தாவது வரிசையில் கமாண்டருக்குப் பொறுக்கவில்லை. “இதையெல்லாம் எழுதினா என்னமோ நாமதான் குத்தவாளிங்க மாதிரி இருக்கு.”

“ஆமா மாமா” என்றேன். “அதுக்குத்தான் எழுதறது.”

அதற்குப் பிறகு அவர் அங்கே நிற்கவில்லை, காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

பத்து வரிசை முடிந்ததும் டாக்டரம்மா தாளை மெதுவாகப் படித்தார். முன்பெல்லாம் கடிக்கும் முன் உறுமுவானா என்று கேட்டார். உறுமுவான், உறுமினால் அடித்து அமுக்கச் சொன்னார் அண்ணன், ரெண்டு மாசத்தில் உறுமுவதை விட்டுவிட்டான் என்றார் என் கணவர்.

“நாய் உறுமறது ‘கிட்ட வராதே, எனக்குப் பயமா இருக்கு’ன்னு சொல்றதுதான்” என்றார் டாக்டரம்மா. “சொல்லிட்டுக் கடிக்கற நாயை நீங்க சொல்லாம கடிக்கற நாயா மாத்திட்டீங்க.”

அவர் படிவத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். கிழிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தாமல், ஒருத்தர் கையும் அவன் கழுத்தில் படாமல், முதலிலிருந்து எட்டு வாரம். அதற்குப் பிறகு பார்ப்போம், ஆனால் போன உறுமல் திரும்பி வரும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, கடைசி வரிசையில் விரலை வைத்தார்.

பதினோராவது வரிசை. கோணல்மாணலான கையெழுத்து, இடது கையால் எழுதியது. நான்காவது கட்டத்தில் நானும் அதையேதான் எழுதியிருந்தேன். சும்மா.

பதினாறு வருடம் அடுத்தவர்களுடைய பக்கத்தைத் திருப்பியனுப்பியவள் நான். கட்டுப் போட்ட வலது கையில் பேனாவைப் பிடித்தேன், தையல் சுரீரென்று இழுத்தது. அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்.

‘உறுமக் கூடாது என்று பழக்கியிருந்தோம். நான் தட்டை எடுக்கக் குனிந்தேன்.’