பாவாத்தாள் வாயால் ஓடிய படகு

முப்பத்தாறாம் வருஷம் ஆனி மாதக் கடைசியிலிருந்து, பவானி ஆற்றின் செம்பாறைத் துறையில் மோட்டார் படகு பாவாத்தாளின் வாயால் ஓடியது. அதற்காகக் கட்டணம் ஏறவில்லை. ஆளுக்குப் பழையபடி அரையணாதான். ஆட்டுக்குட்டிக்குக் காலணா, மடியில் வைத்துக்கொண்டால் அதுவும் கிடையாது. அந்த வருஷம் மலையாளத்துப் பக்கம் கொட்டிய மழையில் ஒரு ரயில் பாலம் உட்கார்ந்துபோய், நம் பக்கம் வர வேண்டிய பெட்ரோல் எல்லாம் கொச்சியிலேயே தங்கிவிட்டது. கோயமுத்தூர் ஜில்லாவே தவித்தது. பல்லடத்தில் ஒரு பஸ் முதலாளி பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு ஜோடி காங்கேயம் காளைகளைப் பூட்டினார். கண்டக்டர் விசில் ஊதி ‘ரைட்’ சொன்னால் காளைகள் கிளம்பும். அதே பழக்கமாகிப் பிற்பாடு ஏரில் கட்டினாலும் யாராவது ‘ரைட்’ சொல்லாமல் அவை அடியெடுத்து வைக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு டாக்டரின் கார் பெட்ரோல் ஏக்கத்தில் நாளுக்கு நாள் இளைத்து, கடைசியில் அதில் ஒரே ஆள்தான் உட்கார முடிந்தது. டாக்டர் கொஞ்சம் பருமனான மனுஷர், அவர் நடந்தே போனார்.

செம்பாறைத் துறையின் பாடு இன்னும் மோசம். கோடையில் அங்கே ஆற்றை முழங்கால் தண்ணீரில் கடந்துவிடலாம். படகு மணலில் கிடக்கும். ஆனியில் மலைமேல் மழை பிடித்துப் புதுத்தண்ணீர் வந்துவிட்டால் ஐப்பசி முடியும் வரை படகு இல்லாமல் அக்கரை இல்லை. முன்பெல்லாம் பரிசல்கள் இருந்தன. கோயமுத்தூர் முதலாளி சுந்தரராஜுலு மோட்டார் படகு ஒன்றை வாங்கி, தன் சம்சாரத்தின் பெயரால் ‘ராமாமணி’ என்று பெயர் எழுதி ஆற்றில் விட்டாரோ இல்லையோ, பரிசல்காரர்கள் பரிசல்களைக் கவிழ்த்துக் கோழி அடைத்துவிட்டார்கள். கோழி மூன்று வருஷம் கொத்திய பரிசலில் தண்ணீர்தான் ஏறும், ஆள் ஏற முடியாது. ஆக, சீசன் தொடங்கும் நேரத்தில் ஊருக்கு இருந்தது ஒரே ராமாமணி, அவளுக்குக் கொடுக்கக் கையில் இருந்தது அரை டின் பெட்ரோல். படகோட்டி நஞ்சுண்டன் அதைக் கட்டிலுக்கடியில் வைத்துக் காவல் காத்தார்.

நஞ்சுண்டனின் ஒரே மகள் பாவாத்தாள். ஊருக்குள் முதல் பஸ் வந்த நாளிலேயே அதன் சத்தம் அந்தப் பெண்ணின் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கிளம்புகிற சத்தம், மேடு ஏறுகிற சத்தம், கியர் மாற்றும்போது வருகிற செருமல், எல்லாம் அச்சு அசலாக வரும். ஒருதரம் மாடு பூட்டாத வண்டியில் ஏறி உட்கார்ந்து அவள் சத்தம் போட, வண்டி தோட்டத்து வேலியைப் பிய்த்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது. வண்டி போனதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலி போனதற்குத்தான் நாலு நாள் பேச்சு நடந்தது. ஆனால் கல்யாணம் என்று வந்தபோது அதுவே வினையாயிற்று. முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் வெற்றிலை மென்றுகொண்டிருக்கையில் ரோட்டில் பஸ் ஒன்று போக, உள்ளேயிருந்து இன்னொரு பஸ் பதில் சொன்னது. அடுத்து வந்தவர்கள் முன்னால் பெண் ஒரு கொட்டாவி விட்டாள், அது இரண்டாவது கியரில் வந்தது. மூன்றாவதாக வந்தவர்களிடம் நஞ்சுண்டனே பெருமையாகச் சொல்லிவிட்டார். பாவம், அவருக்கு அது பெருமைதான்.

நாலாவது இடம் அக்கரைத் தொட்டிபாளையத்துக் கந்தப்பன். இந்தமுறை பாவாத்தாளுக்கே ஆசை. சந்தையில் அவன் மஞ்சள் நிறுப்பதைப் பார்த்திருக்கிறாள். தராசில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவன் அதை விரட்டவும் இல்லை, அப்படியே நிறுக்கவும் இல்லை. ஈ தானாகப் பறந்துபோகும்வரை பொறுத்திருந்து பிறகு நிறுத்தான். கட்டினால் இந்த மனுஷனைத்தான் கட்டுவது என்று அவள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். அவன் வாய் திறந்து பேசி அவள் கேட்டதில்லை, யாருமே அதிகம் கேட்டதில்லை. ஆடி பிறந்தால் பெண் பார்க்கக் கூடாது என்பதால் ஆனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெட்ரோல் குறைகிறதே, இரண்டு நடை நம் அம்மணியையே வாயால் ஓட்டச் சொல்லலாமா என்று நஞ்சுண்டன் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அவர் சம்சாரம் நாச்சியம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஊரு முன்னால வாயத் தொறந்தா எவனுங்க கட்டுவான்? ஏ அம்மணி, வந்தவங்க போற வரைக்கும் மூச்சுச் சத்தங்கூட வெளிய வரப்படாது. சொல்லிப்போட்டேன்.”

பாவாத்தாள் தலையாட்டினாள். இரண்டு நாளாகவே அவள் பேசுவதையும் நிறுத்தியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருந்த பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் ஊற்றிக்கொண்டு நஞ்சுண்டன் அக்கரைக்குப் போனார். கணக்காகப் போகவும் வரவும் போதும். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்பவே பாதி குடித்துவிடும் என்று, நிறுத்தாமல் ஓடவிட்டபடி கரையில் நின்றார். அங்கேதான் வந்தது சங்கடம். நம் ஊர் மரியாதை தெரிந்ததுதானே! கந்தப்பனின் அம்மா தெய்வாத்தாள், “மாமா, நீங்க மொதல்ல ஏறுங்க” என்றாள். மாமாவோ, “பொண்டு புள்ளைக நிக்கறப்ப நான் ஏறுவனுங்களா? நீங்க ஏறுங்க” என்றார். பெரியப்பன் சித்தப்பனைக் காட்டினார், சித்தப்பன் பெரியப்பனைக் காட்டினார், சித்தி பழத்தட்டை முதலில் ஏற்றுவதுதான் முறை என்றாள், தட்டை யார் வாங்குவது என்று அதற்கு ஒரு சுற்று நடந்தது. வரப்போகிற சம்பந்திகளைப் பார்த்துச் சட்டுப்புட்டென்று ஏறுங்கள் என்று சொல்ல நஞ்சுண்டனுக்கு நா எழவில்லை. ராமாமணி எல்லோரையும் வேடிக்கை பார்த்தபடி நின்ற இடத்திலேயே குடித்துக்கொண்டிருந்தாள்.

நடு ஆற்றில் எஞ்சின் இரண்டு விக்கல் விக்கி நின்றது. படகு ஒரு சுற்றுச் சுற்றி, வெள்ளத்தோடு கீழ்நோக்கிப் போக ஆரம்பித்தது. நஞ்சுண்டன் மூங்கிலை விட்டுப் பார்த்தார், அடி எட்டவில்லை. கூப்பிடு தூரத்தில்தான் துறைக்குப் பெயர் கொடுத்த அந்தச் செம்பாறைகள். மலையிலிருந்து அடித்துவரும் தேக்கு மரங்களே அதில் மோதிச் சிதறும். படகில் இருந்தவர்கள் கத்தவில்லை. சம்பந்தி மனசு நோகுமே என்று, “பரவாயில்லீங்க, பரவாயில்லீங்க” என்று சொல்லிக்கொண்டே பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

இக்கரையில் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகப் பாவாத்தாள் நின்றிருந்தாள். அவள் கையை நாச்சியம்மாள் பிடித்திருந்தாள். வாயைத் திறந்தால் ஊர் பார்க்க, மாப்பிள்ளை வீடு மொத்தமும் பார்க்க, இந்தச் சம்பந்தமும் போயிற்று. திறக்காவிட்டால் அப்பனும் போயிற்று, அந்த மனுஷனும் போயிற்று. சொன்ன சொல்லுக்காக அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது. நாச்சியம்மாள் ஆற்றைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கையை விட்டாள்.

“ஓட்டு கண்ணு” என்றாள். “போனாப் போவுது. உன்ற அப்பனக் கொண்டாந்து கரை சேர்த்துப்போடு.”

முதலில் வந்தது இருமல். பெட்ரோல் ஊற்றினாலும் ராமாமணி இரண்டுதரம் இருமித்தான் கிளம்புவாள், பாவாத்தாள் அதையும் விடவில்லை. பிறகு பிடித்தது பாருங்கள் சத்தம்! துறை மரத்துக் கொக்குகள் அத்தனையும் எழும்பின. எஞ்சின்களுக்கும் காது உண்டு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு பொட்டுப் பெட்ரோல் இல்லாத படகின் பின்னால் தண்ணீர் நுரைத்தது, சுற்றுவது நின்றது, மூக்கு இக்கரைக்குத் திரும்பியது. ஆனால் மனுஷி மனுஷிதானே, மூச்சு வாங்க வேண்டும். அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் படகு வந்த தூரத்தில் பாதி பின்னால் போயிற்று. மறுபடி இழுப்பாள், மறுபடி போகும். முகம் செம்பருத்தியாகிவிட்டது, கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஒரு மூச்சுக்குமேல் அவளிடம் இல்லை என்பது பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த மூச்சும் முடிந்து அவள் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தபோது, ஆற்றில் டப், டப், டப் என்று ஒரு சத்தம் எழுந்தது. கிணற்றடியில் ஆயில் எஞ்சின் ஓடுகிற அதே சத்தம். அவசரமே இல்லாமல், ஒரே நிதானமாக. படகு பின்னால் போகாமல் நின்ற இடத்தில் நின்றது. படகின் நடுவில் கந்தப்பன் எழுந்து நின்று, கன்னம் உப்ப, அவளையே பார்த்தபடி டப் டப் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். தெய்வாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு, “கெடுத்துப்போட்டயே, சாமி!” என்று கூவியது கரைவரை கேட்டது. பாவாத்தாள் நிமிர்ந்தாள், சிரித்தாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் இழுக்க அவன் பிடிக்க, அவன் பிடிக்க அவள் இழுக்க, ராமாமணி கல்யாண ஊர்வலம்போல வந்து துறையில் முட்டி நின்றாள்.

தெய்வாத்தாள் முதல் ஆளாக இறங்கி, நேராக நாச்சியம்மாளிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, மறைச்சதுக்கு மனசுல வச்சுக்காதீங்க. தோட்டத்துல எஞ்சின் வாங்கி வச்சதுலருந்து பையனுக்கு இந்தப் பழக்கமுங்க. ரண்டு எடத்துல வேண்டாம்னுபோட்டாங்க. இன்னைக்காச்சும் வாயத் தொறக்காம இரு சாமின்னு சத்தியம் வாங்கித்தானுங்க கூட்டியாந்தேன்.”

நாச்சியம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, அழுது, மறுபடி சிரித்து, சம்பந்தியின் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். வாசல்வரை போகாமல் ஆற்றங்கரையிலேயே வெற்றிலை மாற்றினார்கள். ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. கல்யாணத்துக்கு வந்தவர்களை மணமக்களே ஓட்டிக் கொண்டுவந்தார்கள். கார்த்திகையில் பாலம் சரியாகிப் பெட்ரோல் வந்தது, பஸ்கள் ஓடின, மேட்டுப்பாளையத்துக் கார் சதைபிடித்துப் பழைய உருவத்துக்கு வந்தது. மறு ஆனியில் சுந்தரராஜுலு இரண்டு டின் அனுப்பினார். ராமாமணிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, கக்கிவிட்டாள். அவரும் சரி என்று டின்களைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

தெய்வாத்தாளின் வீடு ஆற்றைப் பார்த்த வீடு. அதனால் பாவாத்தாள் துறைக்குப் போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நஞ்சுண்டன் இக்கரையிலிருந்து துண்டை வீசிக் காட்டுவார், அவள் சமையலறை ஜன்னலிலிருந்தே ஓட்டுவாள். வெள்ளம் அதிகமாக இருந்த ஒரு காலையில் படகு நடு ஆற்றில் கொஞ்சம் திணறியது. அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது, களி கிண்டும் துடுப்பை விடவும் முடியாமல் ஆற்றை விடவும் முடியாமல் பாவாத்தாள் தடுமாறினாள். மாமியார் வந்து துடுப்பை வாங்கிக்கொண்டாள்.

“நீ நல்லா வாயத் தொறந்து ஓட்டு, கண்ணு” என்றாள். “களிய நான் கிண்டிக்கறேன்.”