இடது பக்கம் மட்டும்

மெர்வ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மரத்துப்போக வைக்கும் பிளாஸ்திரியைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். முதுகெலும்பில் தொடங்கி இடது விலாவைச் சுற்றி மார்பு வரை கையகலத் தழும்பு. பகலில் பன்னிரண்டு மணி நேரம் பிளாஸ்திரி, ராத்திரிக்கு மாத்திரை. அக்கி ஆறி எட்டு மாதமாகிறது. உள்ளே நரம்பு மட்டும் எரிகிறது; காற்றுப் பட்டாலே துடிப்பான். நாற்பது வருடம் ஆட்டு ரோமம் கத்தரித்தவன். குனிந்து வேலை செய்கையில் கூரையிலிருந்து தொங்கி நெஞ்சைத் தாங்கும் வார் சரியாக அந்த இடத்தில்தான் அழுத்தும். இனி ரோமம் கத்தரிக்கும் கொட்டகைக்குப் போக முடியாது.

"விரலா ஐஸ்கட்டியாடா டாக்டர்?" என்றான்.

'டாக்டர்' என்பது கொட்டகையில் ரோமம் கத்தரிப்பவர்கள் எனக்கு வைத்த பெயர். நான் அங்கே சமையல்காரன். அதற்கு முன் நர்சிங் படித்தேன். இரண்டாம் வருடம், நைட் ஷிஃப்ட் பாதியில், யாரிடமும் சொல்லாமல் வார்டை விட்டு வெளியே நடந்தவன்.

"உன்னைத் தொட விடுறானே," என்றாள் அவன் மனைவி நோலா, உருளைக்கிழங்கு உரித்தபடி. "நான் கிட்டப் போனாலே கத்துறான். நீ நல்லா இருப்பே."

இதைத்தான் தினமும் சொல்கிறாள்.

கொப்புளத்தை மெர்வ் முதலில் என்னிடம்தான் காட்டினான். இடது பக்கம் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டவில்லை. பார்த்ததுமே அக்கி என்று தெரிந்தது. ஆஸ்பத்திரி நூற்றிருபது கிலோமீட்டர். நான்தான் கூட்டிப்போக வேண்டும். நான் ஓடிவந்த அதே ஆஸ்பத்திரி. "வார் உரசின புண்ணு, வாஸ்லின் தடவு," என்றேன். கடைசி ஆடு முடியாமல் கிளம்புவது அவர்களுக்கு வழக்கமில்லை. வேலை முடிந்து சனிக்கிழமைதான் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"நேத்து டாக்டரம்மா சொன்னாங்க," என்றான் மெர்வ். "மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு தூரம் வராம இருந்திருக்கலாமாம். உன்கிட்ட என்னைக்குடா காட்டினேன்? வியாழக்கிழமையா?"

வியாழன் என்றால் சனிக்கு இரண்டே நாள்; என் மேல் பழி வராது.

"திங்கள்," என்றேன். "அப்பவே அக்கின்னு தெரியும்."

நோலாவின் கத்தி நின்றது.

"வார் உரசினதுன்னு சொன்னியே," என்றான் மெர்வ்.

"ஆமா."

"எதுக்குடா?"

"அந்த ஆஸ்பத்திரிக்கு வர எனக்குப் பிடிக்கல."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தான். பாதிதான் ஒட்டியிருந்தேன். கம்பிக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு காற்று அடித்தது. வெற்றுடம்போடு, இடது கையை விலாவில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, வேலி வரை நடந்து, காற்றுக்கு நேராக நின்றான்.