தலையசைப்பு

வெர்னா தம்பியின் இடது கன்னத்தை மழித்துவிட்டுக் கத்தியைக் கிண்ணத்து வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தபோது அவன் மூச்சு நின்றது.

திரும்பிப் பார்த்தாள். வலது கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. மார்பு எழும்பும் என்று காத்திருந்தாள். எழும்பவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

நுரை காய்வதற்குள் வலது கன்னத்தையும் மழித்தாள். முகவாய்ப் பள்ளத்தில் எப்போதும் ஒரு கீறல் விழுந்துவிடும். இன்று விழவில்லை.

ஆரினுக்கு நாற்பத்து நான்கு வயது. கழுத்துக்குக் கீழே பதினெட்டு வருடமாக எதுவும் அசைந்ததில்லை. கடைசி இரண்டு மாதத்தில் பேச்சும் போய்விட்டது. சரி என்றால் தலையை ஒருமுறை கீழே இறக்குவான். வேண்டாம் என்றால் கண்ணை மூடிக்கொள்வான். அரை மணி நேரத்துக்கு முன்பு, "இன்னிக்கு ரோடியோடா. ஷேவ் பண்ணிவிடட்டா?" என்று கேட்டாள். இறக்கினான்.

நர்ஸின் எண் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. வெர்னா போனை எடுத்தாள். முதல் மூன்று எண்களை அழுத்தினாள். நிறுத்தினாள்.

சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். ரோடியோ, அந்த முரட்டுக் குதிரைச் சவாரிப் போட்டி, நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ஆனால் அதை நடத்தும் ஹாலிஸ் குதிரை ஏற மாட்டான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு மைக்கில் அழுவான். ஊர் அவனுக்கு ஆறுதல் சொல்லும்.

போனை வைத்தாள்.

தம்பியின் தலையணையைச் சரிசெய்தாள். போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டாள். திரையை மூடி, ஜன்னல் ஏசியைக் கடைசி எண்ணில் வைத்தாள்.

எட்டு மணிக்குப் பக்கத்துப் பண்ணை ஃபிலிஸ் கூப்பிட்டாள்.

"எப்படி இருக்கான்?"

"தூங்கறான்."

"தூங்கட்டும். நான் வேணா வந்து பக்கத்துல உக்காரட்டா? நீ நிம்மதியா போயிட்டு வருவ."

"வேண்டாம். யாரும் வர வேண்டாம்னு கேட்டுக்கிட்டான்."

"வாய் பேசாதவன் எப்படிக் கேட்டான்?"

"எனக்குத் தெரியும் ஃபிலிஸ்."

"சரி. செர்ரி பை ரெண்டு சுட்டுக் கொண்டு வரேன். ஒண்ணு ஏலத்துக்கு, ஒண்ணு ஆரினுக்கு."

வெர்னா கொட்டகைக்குப் போய்க் கையுறையை எடுத்தாள். கொட்டகைக் கதவின் வளையத்தில் ஒரு கயிறு தொங்கியது. இரண்டு வாரமாக அதை இழுத்துப் பழகியிருந்தாள், ஒரு நாளைக்கு ஐம்பது முறை. நாற்பத்தொன்பது வயதில் தோள்பட்டை இரவெல்லாம் வலித்தது. இப்போது ஒரே இழுப்பில் கதவு முழுசாகத் திறந்துகொள்ளும்.

முரட்டுக் குதிரையை இரும்பு அடைப்புக்குள் நெருக்கி நிறுத்தி, மேலிருந்து அதன் முதுகில் இறங்க வேண்டும். காலைச் சேணத்தின் வளையத்தில் நுழைக்க வேண்டும். குதிரையின் கயிறு கையில் இறுக வேண்டும். எல்லாம் சரியானதும் சவாரிக்காரன் தலையை ஒருமுறை அசைப்பான். வாயால் சொல்வதில்லை. தலையசைப்பைப் பார்த்துத்தான் வெளியே நிற்பவன் கதவுக் கயிற்றை இழுப்பான். பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் அந்த ஊரில் இது தெரியும்.

பதினெட்டு வருடத்துக்கு முன்பு ஆரின் குனிந்து இடது காலைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. குதிரை பக்கவாட்டில் பாய்ந்தது. கதவுத் தூணில் அவன் கழுத்து மோதியது.

கயிற்றைப் பிடித்திருந்தவன் ஹாலிஸ் ப்ரூயிட். "தலையசைச்சான், நான் பாத்தேன்" என்றான். நடுவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் குழாயை எடுத்ததும் ஆரின் சொன்ன முதல் வார்த்தை தண்ணீர். இரண்டாவது, "நான் அசைக்கல வெர்னா." அடிபட்ட மூளை, பாவம், என்றார்கள்.

அடுத்த ஜூலையில் ஹாலிஸ் ஆரினுக்காகத் தர்ம ரோடியோ ஆரம்பித்தான். முதல் வருடம் சக்கர நாற்காலி. இரண்டாம் வருடம் வாசலில் சரிவுப் பாதை. நான்காம் வருடம் வேன். அதன் கதவில் ஹாலிஸின் பெயர் எழுதியிருந்தது. வேன் வந்த பிறகு ஆரின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வேனில் ஏறித்தான் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. வருடா வருடம் மைதானத்தின் நடுவில் நின்று நன்றி சொன்னது வெர்னா.

இரண்டு வாரத்துக்கு முன்பு கமிட்டியோடும் போட்டோக்காரரோடும் ஹாலிஸ் வீட்டுக்கு வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அவன் எப்போதும் கால்மாட்டில்தான் நிற்பான்.

"இந்த வருஷம் உனக்காக நானே ஏறப்போறேன் ஆரின். நாப்பத்தாறு வயசுல! என் பொண்டாட்டி இப்பவே இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடறா."

எல்லோரும் சிரித்தார்கள்.

"கதவை நான் இழுக்கறேன்" என்றாள் வெர்னா.

கமிட்டி கைதட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆரின் மட்டும் அக்காவையே வெகுநேரம் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். அவள் பிறகு அதைப்பற்றி அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

மைதானத்தில் காற்று புழுதியையும் கறிப் புகையையும் சேர்த்து அடித்தது. மேடையில் செர்ரி பை ஏலம் நடந்தது. ஹாலிஸ் சட்டைக் காலரில் சின்ன மைக் ஒன்றைக் குத்திக்கொண்டு அடைப்புகளுக்கு மேல் நடந்துகொண்டே பேசினான். ஒலிபெருக்கியில் அவன் குரல் எல்லா மூலையிலும் கேட்டது.

"என் குதிரை பேரு மாமியார். நிஜ மாமியார் அந்த மூணாவது வரிசைல உக்காந்திருக்காங்க. ரெண்டு பேர்ல யாரு என்னை முதல்ல கீழ தள்ளுவாங்கன்னு பந்தயம் கட்டறவங்க கட்டிக்கலாம்!"

மூன்றாவது வரிசையில் ஒரு கிழவி குடையை ஆட்டிக் காட்டினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது.

பிறகு தேசியக் கொடி வந்தது. பிறகு ஜெபம். "நம்ம ஆரினுக்காக" என்றார் பாதிரியார். ஆயிரம் தொப்பிகள் இறங்கின. "இன்று அவன் படுக்கையில் அவனுக்குத் தெம்பு கொடும் ஆண்டவரே."

வெர்னாவும் தலை குனிந்தாள். அவள் கையில் இன்னும் சோப்பு வாசனை இருந்தது.

ஃபிலிஸ் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். "ஹாலிஸ் மாதிரி ஒருத்தன் கிடைக்க மாட்டான். சொந்தம்கூட இவ்வளவு செய்யாது."

"செய்யாதுதான்" என்றாள் வெர்னா.

கடைசி சவாரி ஹாலிஸுடையது. அடைப்பின் மேல் கம்பியில் டுவேன் நின்றிருந்தான். சவாரிக்காரர்களுக்குக் கைகொடுக்கும் முப்பது வயது ஆள், இடுப்பில் பெரிய பெல்ட் பக்கிள். "மிஸ் வெர்னா, கயிறை இழுத்தா கொண்டி தன்னால விலகும். அவர் தலையசைச்ச உடனே இழுத்துட்டு அப்படியே வலப்பக்கம் ஒதுங்கிடுங்க. முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது. உங்களுக்குச் சொல்லணுமா."

"சொல்ல வேண்டாம்."

கயிற்றை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

ஹாலிஸ் இறங்கினான். குதிரை உடம்பை ஒரு பக்கம் சாய்த்தது. கம்பி அதிர்ந்தது. "மெதுவா மாமி, மெதுவா" என்றது ஒலிபெருக்கி. வலது காலை வளையத்தில் நுழைத்தான். குதிரையின் கயிறு இன்னும் அவன் கையில் இறுகவில்லை. இடது காலுக்காகக் குனிந்தான்.

கழுத்து தெரிந்தது. முடிக்கும் காலருக்கும் நடுவில், வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. கதவுத் தூணுக்கு ஒரு முழம்கூட இல்லை.

இதற்காகத்தான் ஐம்பது ஐம்பதாக இழுத்துப் பழகினாள். தோள் தயாராக இருந்தது. கயிறு விறைத்தது.

இழுக்கவில்லை.

இரக்கத்தால் இல்லை. இழுத்தால் நாளைக்கு என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் அசைச்சான், வெர்னா பாத்தா, என்பார்கள். துக்கத்தில் கை தவறியது, பாவம், என்பார்கள். அவன் கட்டிலின் கால்மாட்டில் வந்து நிற்பார்கள். அவளே அவனுக்கு ஒரு தர்ம ரோடியோ வைத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஹாலிஸ் நிமிர்ந்தான். முகவாயை நெஞ்சில் பதித்தான். தலையை அசைத்தான்.

வெர்னா கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

மறுபடி அசைத்தான். குதிரை பின்னங்காலால் பலகையை உதைத்தது.

"இழுங்க மிஸ் வெர்னா!"

"தெளிவா அசைச்ச ஹாலிஸ்" என்றாள். "நான் பாத்தேன். எல்லாரும் பாத்தாங்க. ஆரின் அசைச்சானா?"

ஒலிபெருக்கியில் அவன் மூச்சு கேட்டது. "வெர்னா, முட்டி மாட்டிக்கிச்சு. கதவைத் திற."

"ஆரின் அசைச்சானா?"

அடைப்போரம் நின்றிருந்த இருவர் அவளை நோக்கி ஓடிவந்தார்கள். அவள் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "தொடாதீங்க. பிடுங்கினா கதவு திறந்துக்கும். அவன் கையில குதிரைக் கயிறு நழுவிடிச்சு, பாருங்க."

நின்றுவிட்டார்கள். டுவேன் ஹாலிஸின் சட்டையைப் பற்றி மேலே இழுத்துப் பார்த்தான். குதிரை முழு எடையோடு கம்பியில் சாய்ந்தது. ஹாலிஸ் அலறியது மைதானம் முழுவதும் கேட்டது. மூன்றாவது வரிசைக் கிழவி எழுந்து நின்றாள்.

"என்ன பைத்தியக்காரத்தனம் வெர்னா இது!" ஃபிலிஸின் குரல் வேலிப் பக்கத்திலிருந்து வந்தது.

வெர்னா திரும்பவில்லை. "நீ சொல்லு."

"பதினெட்டு வருஷம் ஆச்சு…"

"தெரியும். எண்ணியிருக்கேன்."

குதிரை மறுபடி உதைத்தது. ஹாலிஸின் தொப்பி விழுந்தது. தலையில் முடி குறைந்திருந்தது. அவன் அவளைப் பார்த்தான். கதவை விட்டு அவள் கண் நகரவில்லை.

"இல்ல" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். காலரிலிருந்த மைக் அதை எடுத்துக்கொண்டு நான்கு மூலைக்கும் போனது. "அசைக்கல. நான் அவனைப் பாக்கவே இல்ல. திரும்பி பெஞ்சுல இருந்த அந்தப் பொண்ணு டெபிக்குக் கையாட்டிக்கிட்டிருந்தேன். யாரோ கத்தினாங்க. இழுத்துட்டேன்."

கொடிக் கம்பத்தில் கயிறு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"நானே வந்து அவன்கிட்ட சொல்றேன்" என்றான். அழுதுகொண்டிருந்தான். "இன்னிக்கே வரேன் வெர்னா. சாயந்திரமே. தனியா வரேன்."

"காலைல ஆறு மணிக்கு முன்னாடி வந்திருக்கணும்" என்றாள்.

அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் வாய் திறந்தபடியே இருந்தது. அதையும் மைக் எடுத்துக்கொண்டது. வெறும் காற்றுச் சத்தம்.

குதிரை எடையை மறுபக்கம் மாற்றியது. டுவேனும் இன்னொருவனும் ஹாலிஸை அக்குளில் பிடித்துத் தூக்கிப் பலகைக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். அவன் இடது கால் ஊன்றவில்லை. யாரும் கைதட்டவில்லை. யாரும் அவளைத் திட்டவும் இல்லை. தொப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாருக்காக என்று அவள் பார்க்கவில்லை.

கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்தாள்.

மாமியார் வெற்றுச் சேணத்தோடு வெளியே பாய்ந்தது. துள்ளித் துள்ளி முதுகை வளைத்தது. இரண்டு பக்கமும் கால்வளையங்கள் விலாவில் அடித்தன. சவாரிக்கு உரிய எட்டு வினாடி முடிந்ததும் பழக்கத்தில் யாரோ மணியை அழுத்திவிட்டார்கள். குதிரை நின்றது. சுற்றிப் பார்த்தது. திறந்திருந்த வாசல் வழியாகப் பட்டிக்கு நடந்து போனது.

வேனின் முன் சீட்டில் ஃபிலிஸ் ஒரு செர்ரி பையை வைத்துவிட்டுப் போயிருந்தாள். வெர்னா அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். பதினொரு மைல். எதிரே ஒரு வண்டியும் வரவில்லை.

வீட்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பையை மேஜையில் வைத்தாள். பூட்சைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனாள். கட்டிலின் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது மணிக்கட்டில் கயிற்றுத் தடம் மூன்று வரியாகச் சிவந்திருந்தது.

"சொல்லிட்டான்டா" என்றாள். "எல்லார் முன்னாடியும். போதுமா?"

கேட்டுவிட்டு அவன் முகவாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் கார் கதவு ஒன்று சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. அவள் எழுந்திருக்கவில்லை.