பன்னிரண்டுக்கும் கறுப்புச் சட்டை

அந்த மரச்சாமான் பட்டறையில் அவளைக் ‘கறார்’ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கருவி அறை அவள் பொறுப்பு. துளைக் கருவியில் ஓடிச் சூடேறிய பேட்டரியை அரை மணி நேரம் ஆறவிடாமல் சார்ஜரில் சொருகினால், கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். சார்ஜர்கள் சிமெண்ட் மேடையில்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு சிட்டிகை மரத்தூள் இருக்கக் கூடாது. கீழே விழுந்து விரிசல் விட்ட பேட்டரிக்கு அவளிடம் மன்னிப்பே கிடையாது.

மேற்பார்வையாளர் அவளுடைய அக்கா புருஷன். பட்டறையில் அவருக்கு ‘பாலிஷ்’ என்று பெயர். உள்ளே மரம் உளுத்திருந்தாலும் மேலே மினுங்கினால் போதும் என்கிற ரகம். ஒரு ஸ்க்ரூவை நேராக முடுக்கத் தெரியாது. ஸ்க்ரூ டப்பாக்களை உயர வரிசையில் அடுக்க மட்டும் தெரியும்.

இரண்டு நாள் விடுப்பு முடிந்து கறார் கதவைத் திறந்தபோது, அலமாரியிலும் மேடையிலும் இருந்த பேட்டரிகள் அத்தனையும் கறுப்பு டேப்பில் சுற்றப்பட்டிருந்தன. நான்கு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

“என்ன அத்தான் இது?”

“முதலாளியம்மா நாளைக்கு வர்றாங்க. ஒண்ணு விரிசல் விட்டிருந்துச்சு, டேப் சுத்தினேன். அது மட்டும் தனியா அசிங்கமாத் தெரிஞ்சுது. அதான் பன்னெண்டுக்கும் சுத்திட்டேன். இப்பப் பாரு, யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்க மாதிரி.”

“தகர டப்பாவுல நான் ஒதுக்கி வச்சிருந்ததையா?”

“விரிசல்தானே. உள்ள சரக்கு நல்லாத்தானே இருக்கு.”

போன வாரம் ஏணி உச்சியிலிருந்து விழுந்த பேட்டரி அது. ஒரு பக்கம் லேசாக உப்பவும் ஆரம்பித்திருந்தது. சார்ஜ் ஏற்றினால் எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கும். இருபது அடி தள்ளி இழைப்புச் சீவல் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது.

நான்கு பிளக்குகளையும் பிடுங்கினாள்.

“ஏன் பிடுங்குற? முக்கால்வாசி ஏறிருச்சு.”

“உடைஞ்சது எது அத்தான்?”

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, எனக்கெப்படித் தெரியும்?” அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. தன் கைவேலைக்குத் தானே கொடுத்துக்கொண்ட பாராட்டாகச் சொன்னார்.

மற்ற முட்டாள்கள் ஒரு தப்போடு ஓய்ந்துவிடுவார்கள். இவர் அதைப் பன்னிரண்டால் பெருக்கி, மடிப்புக் கலையாமல் ஒட்டியும் வைத்திருந்தார். காற்றுத் துளைகளை அடைத்திருந்தார். அவள் எழுதியிருந்த எண்களையும் மறைத்திருந்தார். கறார் ஒவ்வொன்றாக உரித்தாள். பதினொன்று முடிந்தது. ஒன்றிலும் விரிசல் இல்லை.

“பன்னெண்டாவது எங்க?”

பாலிஷ் சீலிங்கைப் பார்த்தார். “ஒண்ணு மட்டும் இங்க ஏற மாட்டேன்னுச்சு. சார்ஜர் சிவப்பாச் சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. இங்க கரண்ட் சரியில்லைன்னு வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். அங்க பழைய சார்ஜர் ஒண்ணு இருக்கு. எதைக் குடுத்தாலும் ஏத்தும்.”

வேண்டாம் என்று சார்ஜரே சொல்லியிருக்கிறது. பட்டறையில் இவரைவிட அதற்குப் புத்தி அதிகம்.

“வீட்ல எங்க வச்சீங்க?”

“சோபா மேல. தரையில வச்சா தூசி.”

“அக்கா?”

“நைட் டியூட்டி முடிஞ்சு வந்திருப்பா. தூங்கிட்டிருப்பா.”

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டாள். கறார் போன் போட்டாள்; முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை, “என்னடி?” என்று கரகரத்த குரல் வந்தது.

“அக்கா, சோபாவுல பேட்டரி…”

“வந்ததுமே பிடுங்கிட்டேன். நகப்பூச்சு மாதிரி வாசம். ஆறினதும் முறத்துல தள்ளி பால்கனித் தரையில வச்சுட்டுத்தான் படுத்தேன்.”

கறார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். “உனக்கெப்படித் தோணுச்சு?”

“தொடாதேன்னு சீட்டு எழுதி ஒட்டியிருந்தாரு உங்கத்தான். அவர் தொடாதேன்னதைத் தொட்டுத்தான் இத்தனை வருஷமா இந்த வீடு நிக்குது.”

“உப்பியிருக்கா?”

“நிறைமாசம்.”

“இனிமே கிட்டப் போகாதே. கதவைச் சாத்து. துணி ஏதாவது காயுதா அங்க?”

“அவரோட வெள்ளைச் சட்டை ரெண்டு. எரிஞ்சா எரியட்டும். போனை அவர்கிட்ட குடு.”

பாலிஷ் வாங்கிக் காதில் வைத்தார். நான்கு தடவை “ம்” என்றார். ஐந்தாவதற்குப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கறார் இரும்பு வாளியில் முக்கால் அளவு மணலைக் கொட்டி அவர் முன்னால் வைத்தாள். ஒரு பையில் தனியாகக் கொஞ்சம் மணல். “பேட்டரி இன்னும் சூடா இருந்தா கிட்டப் போகாம எனக்குப் போன் பண்ணுங்க. சூடு இல்லன்னா நீள இடுக்கியால எடுத்து இதுல வச்சு, மேல மணலைக் கொட்டுங்க. மூடி போடாதீங்க. பழைய பேட்டரி வாங்குற இடத்துல நீங்களே நின்னு ஒப்படைக்கணும். குப்பைத் தொட்டியில போட்டுட்டு வந்தா, முதலாளியம்மாகிட்ட நானே பேசுவேன்.”

பாலிஷ் குனிந்து வாளியைச் சுற்றிப் பார்த்தார். தச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“துருப்பிடிச்சிருக்கேம்மா,” என்றார். “ரோட்டுல நாலு பேர் பார்ப்பாங்க. வேற நல்ல வாளி இல்லையா?”

அவர் ஸ்கூட்டரை எடுக்கட்டும் என்று கறார் போய் வாசல் கேட்டைத் திறந்துவிட்டாள்.