ஏழு பேருக்கு ஒரு காய்ச்சல்

சிவகாசியில் அருள்பாண்டி வார்த்த அடாப்டரைச் சிறுநீர் டியூப்பில் மாட்டிக்கொண்ட ஏழு பேரில் யார் ஒருவர் மோர் குடித்தாலும் ஏழு பேரின் பையும் நிறைந்தது. இதை முதலில் கண்டவர் விருதுநகர் வத்தல் வியாபாரி அசன் முகம்மது. நோயாளிக்கு விலக்கு உண்டு என்று மகள் சொன்னதைக் கேட்காமல் அவர் ரமலான் நோன்பு பிடித்திருந்தார். விடியலுக்கு முன் குடித்த தண்ணீர் காலையிலேயே இறங்கி முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாலைக்குள் பை பாதி வரை ஏறியிருந்தது. அதே நாட்களில் ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கண்ணுச்சாமி செம்பு செம்பாகக் குடித்தும் அவர் பை பாதிக்கு மேல் ஏறவில்லை. வீடு வீடாகப் போய் டியூப் மாற்றும் நர்ஸ் ஸ்ரீமதி எல்லோருடைய அளவையும் சேர்த்துப் பார்த்தபோது ஏழும் ஒரு சொட்டு பிசகாமல் ஒன்றாக இருந்தன. “மோர் குடிக்கிறது அவுக, பை ரொம்புறது எனக்கு. என் நோன்பு நிக்குமா நிக்காதா, அதை முதல்ல சொல்லும்மா” என்றார் அசன் முகம்மது. தொண்டை வழியாக எதுவும் இறங்காததால் நோன்பு செல்லும் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். ஊரும் அதோடு விட்டுவிட்டது.

அருள்பாண்டி அந்த அடாப்டரை விற்பதற்காகச் செய்யவில்லை. அவன் மனைவி மாரிசெல்வி, எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தவள். ஒரு தீபாவளி சீசனில் பக்கத்து அறை வெடித்து, சுவர் சரிந்து அவள் முதுகில் விழுந்தது. அன்று முதல் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீர் டியூப் வழியாகத்தான் போனது. டியூப்பில் ஒரு தொல்லை உண்டு. டியூப் ஒரு கம்பெனி, பை இன்னொரு கம்பெனி. டியூப்பின் வாய் மிருதுவான ரப்பர், பையின் முனை கெட்டிப் பிளாஸ்டிக். தளர்வாகச் செருகினால் புரண்டு படுக்கும்போது கழன்றுவிடும். இறுக்கிச் செருகினால் ரப்பர் வாய் கிழியும். இணைப்பு எங்கே திறக்கிறதோ அங்கேதான் கிருமி நுழையும். அது டியூப்பின் உள்சுவரைப் பற்றியே ஏறி, பைக்குப் போகிற நீருக்கு எதிர்த்திசையில் மூத்திரப்பைக்கும், பிறகு சிறுநீரகத்துக்கும் போய்ச் சேரும். மாரிசெல்வி அப்படி அடிக்கடி காய்ச்சலில் விழுந்தாள். அருள்பாண்டிக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறை இருந்தது. அவன் ஒரு கழன்ற டியூப்பைக் கையில் வைத்துக்கொண்டு பல வாரம் யோசித்தான். ஒரு முனையில் பனைமரத்துச் செதில்போல வரிகள் வெட்டினான். செருகும்போது படிந்துகொடுக்கும், இழுத்தால் பிடித்துக்கொள்ளும். மறு முனையைப் படிப்படியாகச் சிறுக்க வைத்தான். எந்தக் கம்பெனிப் பையும் ஏதாவது ஒரு படியில் உட்காரும். நடுவில் ஒரு வளையம். கால் சுற்றுத் திருப்பினால் டக்கென்று சத்தம் வரும், கண் தெரியாதவரும் பூட்டிவிட்டதை அறிந்துகொள்ளலாம். மாரிசெல்விக்கு டியூப் மாற்ற வந்த ஸ்ரீமதி அதைப் பார்த்துவிட்டு, தான் கவனிக்கும் மற்ற ஆறு பேருக்கும் கேட்டு வாங்கிப் போனாள்.

தவறு அச்சில் நடந்தது. சிவகாசியில் நல்ல இரும்பை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். அருள்பாண்டியும் புது இரும்பு வாங்காமல், பட்டறை மூலையில் கிடந்த பழைய அச்சையே கடைந்து அடாப்டருக்கு வெட்டினான். அது வானத்தில் வரிசையாக வெடிக்கும் ஷாட் பட்டாசுக்கு வளையம் வார்த்த அச்சு. ஒரு குழாயில் பற்றிய நெருப்பை அடுத்த குழாய்க்கு நிற்காமல் கடத்துவது அந்த வளையத்தின் வேலை. பல சீசன் அந்த வேலையைச் செய்த இரும்பு வேறு வேலை கற்றுக்கொள்ளவில்லை. ஒரு டியூப்பில் வந்ததை அடுத்த டியூப்புக்கு, அது எந்த ஊரில் இருந்தாலும், அனுப்பிக்கொண்டே இருந்தது.

ஆவணியில் கண்ணுச்சாமி ஒரு பழைய பையைக் கழுவித் திரும்ப மாட்டினார். கிருமி அவர் சிறுநீரகத்துக்கு ஏறியது. அன்று பிற்பகல் ஒரே நேரத்தில் ஏழு வீட்டிலும் ஏழு பேர் நடுங்கினார்கள். இந்த அளவு கிருமிக்கு இந்த வயதுக்காரர் பிழைத்திருக்கவே கூடாது என்றார் விருதுநகர் டாக்டர். கண்ணுச்சாமி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவர் காய்ச்சலில் ஏழில் ஒரு பங்கே அவரிடம் இருந்ததால். ஆனால் மாரிசெல்வியின் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானது; அந்த ஒரு பங்கையும் அவள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்க மாட்டாள் என்று டாக்டர் அருள்பாண்டியைத் தனியே அழைத்துச் சொன்னார். அருள்பாண்டி அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. சரவெடியில் ஒன்று பற்றினால் கடைசி வரை ஓடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அசன் முகம்மதின் மகள் அடாப்டரைக் கழற்றிவிட்டு டியூப்பைப் பழையபடி நேராகச் செருகிப் பார்த்தாள். நடுக்கம் நேரம் தவறாமல் வந்தது. ஒருமுறை வந்துபோன நீர் வழியை மறக்கவில்லை.

கழற்றினால் தீராது, அடைத்தால்தான் தீரும் என்று அருள்பாண்டி கண்டுபிடித்தான். மிருதுவான ரப்பரில் நகத்தளவு ஒரு மடலை வெட்டி அடாப்டருக்குள் வைத்தான். உள்ளேயிருந்து நீர் தள்ளினால் மடல் திறக்கும்; வெளியேயிருந்து எது வந்தாலும் தானே மூடிக்கொள்ளும். அவன் செய்த மாற்றங்களிலேயே அதுதான் சிறந்தது, பார்த்த எந்த டாக்டரும் பாராட்டியிருப்பார். அவன் யாரிடமும் காட்டவில்லை. ஒன்றே ஒன்று செய்து, டியூப் மாற்றுகிற சாக்கில் மாரிசெல்விக்கு மாட்டினான்.

மறுநாள் பிற்பகல் அவள் நெற்றி குளிர்ந்திருந்தது. அசன் முகம்மதிடமிருந்து போன் வந்தது. பல் கிட்டிக்கொண்ட குரல். “தாயி, உனக்கும் கூடிருச்சா? எங்க எல்லாருக்கும் கூடிருச்சும்மா. கண்ணுச்சாமிக்கு நினைவு தப்பிப்போச்சு.” மாரிசெல்வி போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

“என்ன செஞ்சீக?”

“ஒரு வால்வு வச்சேன். எல்லா டியூப்புலயும் இருக்க வேண்டியதுதான்.”

“அப்ப எல்லாருக்கும் வைங்க.”

“எல்லாருக்கும் வச்சா அம்புட்டுக் காய்ச்சலும் கண்ணுச்சாமி அண்ணாச்சி ஒருத்தர் தலையில விடியும். தாங்க மாட்டாரு.”

“எனக்கு மட்டும் வச்சா?”

அவன் பையின் அளவைப் பார்க்கக் குனிந்தான்.

“வேலைக்குச் சேந்த அன்னைக்கே சொல்லுவாக, வாசல்ல பெட்டி வைக்காதன்னு. நீங்க பட்டறையிலயே இருந்துட்டீக, உங்களுக்கு யாரும் சொல்லல போல.”

பட்டாசு அறைகளில் அதுதான் முதல் விதி. அறையின் வாசல்கள் எல்லாம் உள்ளே இருக்கிற எல்லோருக்கும் பொது. செய்த சரக்கைத் தன் பக்க வாசலில் அடுக்கி வைப்பவள் தான் தப்பிக்க இடம் பார்த்துக்கொண்டு, மற்றவர் ஓடும் வழியை அடைக்கிறாள். அப்படிச் செய்தவளோடு மறுநாள் யாரும் ஒரே அறையில் உட்காரமாட்டார்கள்.

“நீ செத்துப் போவ, செல்வி.”

“பயமாத்தான் இருக்கு. கழத்துங்க. மெல்ல, டியூப்பை இழுத்துராதீக.”

அவன் கழற்றினான். வளையத்தைத் திருப்பவே நெடுநேரம் ஆயிற்று. வால்வு வெளியே வந்த கணமே காய்ச்சல் தனக்கு வேண்டிய இடம் தெரிந்ததுபோல டியூப் வழியாக ஏறியது. பையிலிருந்த நீர் குமிழியிட்டதை அருள்பாண்டி பார்த்தான். கட்டில் சுவரில் மோதிச் சத்தமிடும் அளவுக்கு அவள் நடுங்கினாள். அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டான், பிடித்தவனும் சேர்ந்து நடுங்கினான். அதே நேரம் ஆலங்குளத்தில் கண்ணுச்சாமி கண் திறந்து, “யாரோ பாரத்துக்கு ஒரு கை போட்டிருக்காக, கொறஞ்சிருக்கு” என்று சொல்லித் தண்ணீர் கேட்டதாக ஸ்ரீமதி பிறகு சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க யார் உயிர் முதலில் போகும் என்று தெரியாமல் ஏழு வீடும் காத்திருந்தன. ஊசி மருந்து ஒருவருக்கு ஏறினால் ஏழு பேருக்கும் ஏறியது என்பதை ஸ்ரீமதிதான் கவனித்தாள். உடனே ஏழு வீட்டுக்காரரும் வெவ்வேறு நேரத்தில் ஊசி போட்டுக்கொள்ள முறை வைத்தார்கள். மருந்து உடம்பை விட்டு இறங்கவே இல்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் முதல் மழை பெய்தபோது காய்ச்சல் ஏழு உடம்பிலிருந்தும் ஒன்றாக விலகியது.

இரண்டு வருடம் கழித்து ஒரு தை மாதம் கண்ணுச்சாமி இதயம் நின்று இறந்தார். மற்ற ஆறு பேரும் பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் அந்தச் சாவில் ஆளுக்கு ஒரு பங்கு வந்தது. அவர் போன நேரத்தில் ஆறு பேருக்கும் இடது கை மணிக்கட்டு வரை குளிர்ந்தது, பிறகு சூடேறவில்லை. விரல்கள் அசையும், பொருளைப் பிடிக்கும். குளிர் மட்டும் போகாது. அசன் முகம்மது அந்தக் கையால் ஆலங்குளம் போய் மண் தள்ளினார். கண்ணுச்சாமியின் மகன்களோடு ஆறு வீட்டிலும் தீட்டுக் காத்தார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. அருள்பாண்டி அதே அச்சில் அடாப்டர் வார்ப்பதை நிறுத்தவில்லை. ஆள் கூடினால் ஒருவருக்கு விழுகிற பங்கு குறையும் என்பது கணக்கு. வருகிறவர்களிடம் எல்லாவற்றையும் முதலில் சொல்லிவிடுகிறான். சிலர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பலர் கொஞ்ச நேரம் மாரிசெல்வியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாங்கிப் போகிறார்கள்.

கோடையில் பால் திரியாமலிருக்க, பக்கத்து வீட்டுப் பெண்கள் காலையிலேயே செம்பைக் கொண்டுவந்து மாரிசெல்வியின் இடது கையில் கொடுத்துவிட்டுக் கறிவேப்பிலை விலையைப் பேசிக்கொண்டு போகிறார்கள். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறார்கள். பால் நன்றாக இருக்கிறது. அருள்பாண்டி மட்டும் செம்பை வாங்கி வைக்கும்போதெல்லாம் அவளுடைய வலது கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான்.