நாலு நிமிடத்துப் பற்றறி

1

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்துக்குப் புதிய பற்றறி வந்தது. வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்கமாட்டேன். பழையது பழுதாகக் கிடந்த ஒரு வருடமும் தட்டிக்கழிக்க எனக்கு நல்ல சாட்டாக இருந்தது. இப்போது சாட்டும் போய்விட்டது. எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

நான் வட்டக்கச்சியில் ஒரு நிவாரண அலுவலகத்தில் எழுதுவினைஞன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. பொருளாதாரத் தடையால் ரேடியோவுக்குப் போடும் பற்றறியே வவுனியாவைத் தாண்டி வராத காலம் இது. கணினிக்குப் பற்றறி கேட்டு நான் எழுதிய கடிதத்தைப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

"அற்புதம் கடலைப் பார்த்தபடி மகனை நினைத்து

[நிறுத்திவிட்டேன். அவர் இருப்பது இரணைமடுப் பக்கம். கடலை முல்லைத்தீவில் விட்டுவிட்டு வந்து ஐந்து வருடமாகிறது. கதை எழுதுகிறவனுக்கு ஒரு தாயைக் கண்டதும் பக்கத்தில் கடலையும் வைக்கவேண்டும் போலிருக்கிறது.]

நடந்ததையே சொல்கிறேன். அற்புதத்தின் ஒரே மகன் வின்சன். இடம்பெயர்ந்த வருடம் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனான். பிறகு ஒரு சொல்லும் இல்லை. சென்ற வருடம் அங்குள்ள அகதி முகாம்களுக்குப் போய்வந்த ஒருவர் கணினியில் போடும் ஒரு பிளொப்பி கொண்டுவந்து தந்தார். அதில் ஒரு இளைஞனின் படம். பெயர் வின்சன், ஊர் முல்லைத்தீவு. தகப்பன் பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. முகாமுக்கு நாங்கள் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

கணினியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அற்புதத்தின் கொட்டிலுக்குப் போனேன். செல் குண்டின் துண்டு பட்டு மடங்காமல் போன கால் அவருக்கு. கரியரில் ஏற்றி வரமுடியாது.

3

பற்றறியின் குணத்தைச் சொல்லவேண்டும். பின்னேரம் இரண்டு மணிக்கு ஜெனரேற்றர் போட்டதும் சார்ஜ் ஏறத் தொடங்கும். பத்தே நிமிடத்தில் பச்சை விளக்கு எரியும், வயிறு நிறைந்துவிட்டதென்று. வயரைக் கழற்றினால் ஏழு நிமிடத்தில் அணைந்துவிடும். அதில் மூன்று நிமிடம் கணினி கண்விழிப்பதற்கே போய்விடும். மிச்சம் நாலு.

அந்த நாலு நிமிடமும் அற்புதம் திரைக்குக் கிட்டக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார்.

"அவன்தான். மெலிஞ்சு போனான் என்ன?"

நான் படத்தைப் பார்க்கவில்லை. பற்றறியின் அளவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, வலது புருவத்தைப் பெருப்பிச்சுக் காட்டேலுமோ? சின்னனிலை தூண்டில் கிழிச்ச தழும்பொண்டு இருக்கு அவனுக்கு."

நான் விசையைத் தேடினேன். திரை இருண்டது.

4

அடுத்த வாரம் முழுவதும் அதே வேலை. பற்றறியின் செப்புப் பல்லுகளை பென்சில் அழிறப்பரால் தேய்த்தேன். முழுதாக இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றினேன். பற்றறியைக் கழற்றிவிட்டு வயரில் நேரே கொடுத்தால் கணினி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆக, நோய் பற்றறிக்குத்தான்.

[அப்படி ஓடியபோது பிளொப்பியைப் போட்டு நீ புருவத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. பிளொப்பி என் சட்டைப்பையில்தான் இருந்தது. தழும்பு இல்லாவிட்டால் என்று பயந்துவிட்டேன்.]

திரும்பப் போனபோது ஏழு நிமிடம் ஐந்தாகியிருந்தது. படம் பாதி வரும்போதே அணைந்தது. அற்புதம் பற்றறியைக் கழற்றித் தரச் சொன்னார்.

"வைச்சிட்டுப் போ தம்பி. நான் வெயிலிலை காயவைச்சுத் தாறன்."

இதைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம். வன்னியில் நாங்கள் எல்லோரும் ரேடியோப் பற்றறியை வெயிலில் வைத்துத்தான் இத்தனை வருடம் செய்தி கேட்டோம். கணவர் மரியநேசன் விட்டுப்போன ரேடியோவை அற்புதம் அப்படித்தான் உயிரோடு வைத்திருக்கிறார். நானும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் போனேன். சுளகில் காயப்போட்ட செத்தல் மிளகாய்க்கு நடுவே பற்றறி கிடந்தது. தொட்டால் கை சுட்டது. வயிறு வீங்கியிருந்தது. அதற்குப் பிறகு அதில் ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

"ட்ரக்டர் ஒண்டு பிடிச்சு உங்களைப் படுக்கவைச்சுக் கூட்டிக்கொண்டு போறன் அம்மா. ஒபிசிலை ஜெனரேற்றரிலை வடிவாப் பாக்கலாம்" என்றேன்.

"வேண்டாம் தம்பி. நாலு நிமிசம் பாத்தது போதும்."

ஒரு வருடம் அதைப் பற்றி நாங்கள் இருவரும் கதைக்கவில்லை.

5

இனி முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

(அ) தழும்பு இருக்கிறது. அற்புதம் திரையைத் தடவி

[எனக்கும் இதுதான் வேண்டும். வேண்டுமென்பதற்காக எழுதக் கை வரவில்லை.]

(ஆ) தழும்பு இல்லை. அற்புதம்

[இதற்கு மேல் என்னால் முடியவில்லை.]

6

ஆகவே நேற்றுப் பேனையை வைத்துவிட்டு நேரிலேயே போனேன். கணினியைக் கொண்டுபோகவில்லை. புதிய பற்றறி வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ரண்டரை மணித்தியாலம் அம்மா."

மடங்காத காலை நீட்டி வாங்கில் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னார்:

"ரேடியோப் பற்றறியை நான் அரை மணித்தியாலத்துக்கு மேலை வெயிலிலை விடுறேல்லை. விட்டால் பொங்கிப்போகும். உன்ரையை மூண்டு நாள் விட்டனான். தெரிஞ்சுதான் விட்டனான் தம்பி."

ஒரு வருடமாக நான்தான் அவருக்காகப் படத்தைப் பார்க்காமல் வைத்திருப்பதாக நினைத்தேன். அவரோ தான் பார்க்காமல் இருக்கத் தானே வழி செய்திருக்கிறார்.

"கோவமோ?"

"இல்லை அம்மா. நானும் பாக்கேல்லை."

"ஒவ்வொரு நாளும் அந்த முகத்தை நினைச்சுத்தான் செபம் சொல்லுறன். ஆனா இப்ப வேறையொண்டு உறுத்துது. அவன் என்ரை பிள்ளை இல்லையெண்டால், இன்னொரு தாயல்லோ அவனைத் தேடிக்கொண்டிருப்பா? ஒரு வருசமா அவவின்ரை பிள்ளையை நான் ஒளிச்சு வைச்சிருக்கிறன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாயிறு பூசை முடிய கொண்டுவா. முதல்லை நீ பாத்திடாதை."

7

இன்று சனிக்கிழமை. மணி மூன்றே கால். ஜெனரேற்றர் ஓடுகிறது, சார்ஜ் ஏறுகிறது. இந்த முறை பச்சை விளக்குக்கு அவசரமில்லை. ஒன்றே கால் மணித்தியாலமாகச் செம்மஞ்சளாகவே நிற்கிறது. ஒழுங்காகச் சார்ஜ் ஏறும் பற்றறி இப்படித்தான் இருக்குமாம். பிளொப்பி மேசையில் இருக்கிறது. தொடவில்லை.

வாசகரே, நாளைக்கு நீங்களும் வாருங்கள். அற்புதத்தின் வலப்பக்கம் வாங்கில் இடம் இருக்கும். நான் மூடியைத் திறந்து, படத்தை எடுத்து, புருவத்தைப் பெருப்பித்து விடுவேன். திரையை நீங்கள் பாருங்கள்.

நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.